மூன்றாவது வியாகுலம்: மாதோட்டக் கரையின் புலம்பல் மரபு பற்றி ஒரு நோக்கு

தமிழிலக்கிய வரலாற்று நூல்களில் கிறிஸ்தவர்களுக்கென ஒதுக்கப்படும் பக்கங்கள் பெரும்பாலும் ஒரே வாய்பாட்டில் அமைந்தவை. அச்சியந்திரம் வந்தது, அகராதி தோன்றியது, வசனநடை வளர்ந்தது, எழுத்துச் சீர்திருத்தம் நிகழ்ந்தது என்ற வரிசையில் அவை செல்லும். மொழிக்குச் செய்த தொண்டு என்ற ஒரே அளவுகோலால் ஓர் இலக்கியப் பரப்பு முழுவதும் அளந்து முடிக்கப்படுகிறது. அந்நூல்கள் எவருக்காக எழுதப்பட்டனவோ அம்மக்கள் அவற்றைக் கொண்டு என்ன செய்தார்கள், எந்த இரவில், எந்தத் துயரின் முன் அவற்றை விரித்துப் படித்தார்கள் என்ற வினா எழுவதில்லை. இவ்வினா எழாதவரை ஈழத்துக் கத்தோலிக்க இலக்கியத்தின் உயிர்நிலையான ஒரு பகுதி, அதாவது வியாகுல இலக்கியம், விமர்சகனின் கண்ணுக்குப் புலப்படாமலே போய்விடும்.

மெய்ப்பாடுகளை எட்டென வகுத்த தொல்காப்பியர் அழுகைக்கும் அச்சத்துக்கும் தனித்தனி இடம் தந்தார். இழிவுபடுதல், இழத்தல், நிலைதளர்தல், வறுமையுறுதல் ஆகிய நான்கின்வழி அழுகை பிறக்கும் என்பது அவர் கருத்து. அச்சம் பிறக்கும் இடங்களாகவோ தெய்வத்தையும் விலங்கையும் கள்வரையும் ஆள்வோரையும் காட்டினார். கள்வரோடு ஒரே வரிசையில் ஆள்வோரையும் நிறுத்திய நுண்மை தனியே வியக்கத்தக்கது. ஆனால் அமைதி அவ்வெட்டினுள் ஒன்றன்று. வடமொழி மரபிலும் பரதர் கூறிய எட்டுச் சுவைகளோடு சாந்தம் பிற்காலத்திலேயே ஒன்பதாவதாகச் சேர்க்கப்பட்டது. அமைதி ஏதேனும் ஒரு புறப்பொருள் வந்து தீண்டுவதால் எழும் உணர்ச்சியன்று. ஏனைய உணர்ச்சிகள் ஓடி வந்து அடங்கும் இடம். எனவே அமைதியை இலக்கியமாக்க முயலும் எவரும் முதலில் அழுகையையும் அச்சத்தையும் முழுமையாகக் காட்டியாக வேண்டும். அதனைச் செய்யாது அமைதியை மட்டும் அறிவிக்கும் படைப்பு அறிவித்தலாக நிற்குமேயன்றிக் கலையாகாது. மாதோட்டக் கரையின் வியாகுல மரபை இந்த அளவையாலேயே மதிப்பிடுதல் பொருந்தும்.

மன்னாரிலிருந்து பூநகரி நோக்கி வடக்கே செல்லும் நெடுஞ்சாலையில், விடத்தல்தீவுக்கு அப்பால் அமைந்த ஊர் இலுப்பைக்கடவை. மாந்தை மேற்குப் பிரிவைச் சேர்ந்த இப்பகுதியின் ஒருபுறம் வயலும் குளமும் காடும்; மறுபுறம் ஆழமற்ற கடல். அந்தோனியார்புரம், மூன்றாம்பிட்டி, தேவன்பிட்டி எனக் கரையோரச் சிற்றூர்கள் வடக்கு நோக்கித் தொடர்கின்றன. வ. ஐ. ச. ஜெயபாலனின் கவிதையால் ஈழத்து இலக்கிய வாசகர் அனைவருக்கும் பெயரறிமுகமான பாலி ஆறு மேற்குக் கடலை நாடுவதும் இந்நிலப்பகுதியூடாகவே. கடவை என்ற சொல் ஈழத்து வழக்கில், வேலியில் ஆள் நுழைந்து செல்வதற்கென விடப்படும் இடைவெளியைக் குறிக்கும். காடும் கடலும் ஆகிய இரண்டு வேலிகளுக்கிடையே மனிதர் நுழைந்து சென்ற வழியாகவே இக்கரை நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. வந்தவர்களும் உண்டு, ஓடியவர்களும் உண்டு.

இக்கரையில் கத்தோலிக்கம் அச்சத்தோடு சேர்ந்தே வேரூன்றிய சமயமாகும். புனித சவேரியார் அனுப்பிய குருவிடம் திருமுழுக்குப் பெற்ற மன்னார் மக்கள் 1544ஆம் ஆண்டில் யாழ்ப்பாண அரசன் சங்கிலியின் ஆணையால் கொல்லப்பட்டனர். அவர்களின் தொகை அறுநூறு அளவில் இருந்ததென மரபு கூறும். தோட்டவெளியில் அவ்வேதசாட்சிகளின் நினைவு இன்றும் போற்றப்படுகிறது. 1658இல் மன்னாரும் யாழ்ப்பாணமும் ஒல்லாந்தர் வசமாயின. கத்தோலிக்கக் குருமார் வெளியேற்றப்பட்டனர். அவர்களுக்கு இடங்கொடுப்பது தண்டனைக்குரிய குற்றமாயிற்று. மாந்தையில் இருந்த மாதாவின் சுரூபத்தை 1670இல் இருபது குடும்பத்தினர் காட்டினுள் எடுத்துச் சென்றனர் என்பதே மருதமடுத் திருப்பதியின் தோற்றம் பற்றி வழங்கிவரும் வரலாறு. 1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகள் இரவலர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்து சேரும்வரை இம்மக்கள் குருவில்லாத திருச்சபையாகவே வாழ்ந்தனர். அவர் வந்த பின்னரும் ஓர் ஊர் குருவைக் காண்பது அரிதினும் அரிதாகவே இருந்தது.

இந்தச் சூழலிற் பிறந்ததே வியாகுலப் பிரசங்கம். இதனை இயற்றிய யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமிகள் 1676இல் கோவாவிற் பிறந்து, 1705இல் ஈழம் வந்து, 1742இல் போலவத்தையில் இறந்தவர். தமிழையும் சிங்களத்தையும் வந்த இடத்திற் கற்று இரு மொழிகளிலும் நூல்கள் எழுதியவர். திருப்பாடுகளைப் பற்றி அவர் சிங்களத்தில் எழுதிய பிரசங்கங்கள் அம்மொழிபேசும் கத்தோலிக்கரிடையே பெற்ற இடத்தை, தமிழ்பேசும் கத்தோலிக்கரிடையே வியாகுலப் பிரசங்கம் பெற்றது. இந்நூலைச் சமயவுரைகளின் தொகுதி என்று மட்டும் கொள்வது அதன் இயல்பை அறியாமையாகும். பிரசங்கம் என்று பெயர் பெற்றிருந்தும் இது குருவானவர் பேசுவதற்கென எழுதப்பட்டதன்று. குருவானவர் இல்லாத இடத்திற் படிக்கப்படுவதற்கென எழுதப்பட்டது. எழுத்தறிந்த ஓர் உபதேசியாரோ மூப்பரோ விளக்கின் முன் அமர்ந்து இராகத்தோடு வாசிக்க, சூழ இருந்தோர் கேட்டு அழுது செபிக்கும் முறைமைக்கு ஏற்ற வடிவம் அது. உரைநடை இங்கே பாட்டின் தொழிலை ஏற்றுக்கொள்கிறது. தமிழ் உரைநடையின் வளர்ச்சியைப் பேசும் ஆய்வுகளில், பாடப்படும் உரைநடை என்ற இந்த வகைக்கு உரிய இடம் தரப்படவேண்டும்.

நூலின் மொழி இன்றைய வாசகனுக்கு உடனே இணங்கி வருவதன்று. வடசொற் கலப்பு மிகுதி. வாக்கியங்கள் நீண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டுச் செல்லும். கண்ணால் மௌனமாகப் படிப்பவருக்குக் குறையாகத் தோன்றும் இவ்வடுக்கு, காதால் கேட்பவருக்கு வேறொன்றாகிறது. அலை அலையாக வரும் ஒரே வகைத் தொடர்கள் கேட்போரின் மூச்சை ஓர் ஒழுங்கில் நிறுத்துகின்றன. அழுகை மூச்சை உடைப்பது. வாசிப்பின் ஓசை உடைந்த மூச்சைக் கட்டுவது. செபமாலையில் ஒரே மந்திரம் மீண்டும் மீண்டும் சொல்லப்படும்போது நிகழ்வதும் இதுவே. அமைதி என்பது இங்கே முதலில் கருத்தாக வருவதில்லை, மூச்சின் ஒழுங்காகவே வருகிறது.

ஏறத்தாழ இதே காலத்திலேயே வீரமாமுனிவரின் தேம்பாவணியும் தோன்றியது. அதிற் கருணையன் தன் தாய் எலிசபெத்தை இழந்து காட்டில் தனியே நின்று புலம்பும் பகுதி தமிழ்க் காப்பியங்களின் அவலப் பகுதிகளுள் சிறந்தவற்றோடு வைத்து எண்ணத்தக்கது. தாய்க்கு மலர்ப்படுக்கை விரித்து அடக்கம் செய்யும் மைந்தனின் துயரை உவமை மேல் உவமையாகச் சொல்லி, இறுதியில் மரமும் பறவையும் உடன் அழுவதாக முனிவர் காட்டுவார். செய்யுளின் அழகு ஐயத்துக்கிடமற்றது. எனினும் அவ்வழகே துயருக்கும் கேட்போனுக்கும் இடையில் ஒரு திரையாக வந்து நிற்பதை மறுத்தற்கில்லை. கருணையனின் துயரைக் கற்றவன் சுவைக்கிறான். வியாகுலப் பிரசங்கத்திலோ சுவைப்பதற்கு இடமில்லை. கேட்போன் அதனுள் இழுத்து நிறுத்தப்படுகிறான். அவனை விளித்தே நூல் பேசுகிறது. அவனையே சாட்சியாகவும் குற்றவாளியாகவும் ஆக்குகிறது. ஒன்று புலவர் அவைக்கு உரியது, மற்றது மரணம் நேர்ந்த வீட்டுக்கு உரியது. இரண்டையும் ஒரே தராசில் இட்டு, ஒன்றன் தமிழ் தூயது, மற்றதன் தமிழ் கலப்பானது என்று தீர்ப்பளிப்பது விமர்சனம் ஆகாது.

வியாகுலப் பிரசங்கத்தின் உண்மையான உறவு தேம்பாவணியோடு அன்று, ஒப்பாரியோடுதான். தமிழ்ப் பெண் இறந்தவனை நேரே விளித்துக் கேட்பாள். ஏன் போனாய், யாரிடம் விட்டுப் போனாய், இனி இந்த வாசலில் எவன் வந்து நிற்பான் என்றெல்லாம் வினவுவாள். விடை வராது என்பது அவளுக்குத் தெரியும், தெரிந்தே கேட்பாள். விடையற்ற வினாக்களின் தொடரே ஒப்பாரியின் அமைப்பு. தவக்காலத்திற் கத்தோலிக்கக் கிராமங்களிற் பாடப்படும் பசாம் என்ற பாடல் வகையும், மரியாளின் வாயில் வைத்துப் பாடப்படும் புலம்பல்களும் இந்த அமைப்பையே எடுத்துக்கொண்டன. எனினும் இதில் ஒரு நுட்பமான மாற்றம் உண்டு. இழவு வீட்டில் ஒருத்தி தன் மகனுக்காக அழுகிறாள். ஊரார் வந்து உடன் அழுகின்றனர். ஆலயத்தில் ஊரே கூடி ஒருத்தியின் மகனுக்காக அழுகிறது. அவ்வழுகையினுள் ஒவ்வொருத்தியும் தன் மகனையும் வைத்து அழுதுவிடுகிறாள். தன் துயரைச் சொல்ல நாணுபவளும், சொல்ல அஞ்சுபவளும் மரியாளின் துயரைச் சொல்வதற்குத் தடையில்லை. அடக்குமுறைக் காலங்களில் இம்மரபு அழியாது நிலைத்ததற்கு இது முக்கிய காரணம் எனலாம்.

விவிலியத்தின் புலம்பல் ஆகமம் இவ்விடத்தில் நினைவுகூரத்தக்கது. எருசலேம் நகரின் அழிவைப் பாடும் அந்நூலின் ஐந்து அதிகாரங்களுள் முதல் நான்கும் எபிரேய நெடுங்கணக்கின் இருபத்திரண்டு எழுத்துக்களின் வரிசையில் அமைந்தவை. நம்மவர் வழக்கிற் சொன்னால், அவை அகர வருக்கப் புலம்பல்கள். கட்டற்ற துயருக்குக் கவிஞன் இத்துணைக் கடுமையான கட்டினை ஏன் விதித்துக்கொண்டான் என்று வினவலாம். எழுத்து வரிசைக்கு ஒரு தொடக்கமும் ஒரு முடிவும் உண்டு. துயருக்கோ முடிவு தெரிவதில்லை. முடிவுள்ள ஒன்றின் மேல் முடிவற்றதை ஏற்றிவைக்கும்போது அழுபவனுக்குக் காலூன்ற ஓரிடம் கிடைக்கிறது. தவக்காலத்தின் நாற்பது நாட்களும், சிலுவைப் பாதையின் பதினான்கு நிலைகளும், மரியாளின் ஏழு வியாகுலங்களும் இதே தொழிலையே செய்கின்றன. இவ்வளவு அழு, பின்னர் எழு, அடுத்த ஆண்டு மீண்டும் வா என்று துயருக்கு ஒரு நாட்காட்டி வகுத்துக் கொடுக்கப்படுகிறது.

திருப்பாடு இலக்கியத்தின் குறைகளையும் மறைத்தற்கில்லை. அக்கால ஐரோப்பியத் திருப்பாடு இலக்கியங்களிற் பரவியிருந்த யூதர் மீதான பழிச்சொல் அம்மரபினுள் நின்று எழுதியவர்களையும் எளிதில் விட்டதில்லை. 1965இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் அப்பழியை வெளிப்படையாக விலக்கிய பின்னர் அத்தகைய பகுதிகளை வரலாற்றுக் கண்ணோடு படிப்பதே முறை. மற்றொரு குறை இதனினும் ஆழமானது. துயரனைத்தையும் கேட்போனின் பாவத்தோடு பிணைத்துவிடும் போக்கு, துயரத்துக்குக் காரணமான ஆட்சியாளனைத் தப்பிக்க விட்டுவிடுகிறது. பிலாத்து கைகழுவிய காட்சியைக் கேட்டுவிட்டு, மக்கள் தம் மார்பிலேயே அறைந்துகொள்வர்.

சமயம் மக்களுக்கு அபினி என்ற வாதம் இவ்விடத்தில் எழுவது இயல்பு. ஈழத்து முற்போக்கு விமர்சனம் அதனைப் பலமுறை எடுத்தாண்டுள்ளது. எனினும் மார்க்ஸ் 1843-44இல் எழுதிய அக்கட்டுரையில், சமயத்தை ஒடுக்கப்பட்ட உயிரின் பெருமூச்சாகவும் உண்மையான துன்பத்துக்கு எதிரான ஆட்சேபமாகவும் கண்டவரும் அவரே. பின்னதை விட்டு முன்னதை மட்டும் மேற்கோள் காட்டும் பழக்கம் வசதி கருதியது. பிலிப்பைன்ஸ் நாட்டில், வியாகுலப் பிரசங்கத்தின் காலத்துக்குச் சற்று முன்பாக, 1704இல், கஸ்பர் அக்கினோ தெ பெலென் என்பவர் தகாலு மொழியில் இயற்றிய பசியோன் தொடங்கிவைத்த மரபு, தவக்காலத்தில் ஊர் கூடிப் பாடும் பாடலாக இன்றுவரை வாழ்கிறது. பணிவைக் கற்பிக்கவென ஆட்சியாளர் அனுமதித்த அப்பாடலே பத்தொன்பதாம் நூற்றாண்டின் மக்கள் கிளர்ச்சிகளுக்குச் சொல்லும் உருவகமும் கொடுத்ததென ரெய்னால்டோ இலெத்தோ 1979இல் வெளியிட்ட நூலில் நிறுவினார். ஈழத்தில் அவ்வாறு நிகழ்ந்ததற்குச் சான்றில்லை. ஆனால் புலம்பல் பாடுவோர் யாவரும் உறங்குகின்றனர் என்ற முடிவு எத்துணை அவசரமானது என்பதை அந்நாட்டின் வரலாறு உணர்த்தும். அபினி உண்டவன் தன் நோவை மறப்பான். ஆண்டுதோறும் நாற்பது நாள் நோவைப் பெயர் சொல்லி அழைத்து அழுபவனுக்கு அப்பெயர் பொருந்துமா என்பது கேட்கத்தக்கது.

மன்னாரின் வாசாப்புக்களும் நாட்டுக்கூத்துக்களும் இவ்வுணர்வையே மேடையேற்றின. பேராசிரியர் சு. வித்தியானந்தன் 1960களிற் பதிப்பித்த மன்னார் நாடகங்கள் அவற்றைக் கற்றோர் கவனத்துக்குக் கொணர்ந்தன. பேசாலையில் உடக்குகளைக் கொண்டு நிகழ்த்தப்படும் பாஸ் தனி ஆய்வுக்குரியது. அவற்றை ஈண்டு விரிப்பின் பெருகும்.

போர்க்காலம் இம்மரபைச் சோதனைக்கு உள்ளாக்கியது. 1985ஆம் ஆண்டு சனவரி 6ஆம் நாள் வங்காலையிற் பங்குக்குரு மேரி பஸ்ரியன் அடிகளார் சுட்டுக்கொல்லப்பட்டார்; அவருடைய உடல் மக்களின் கைக்குக் கிடைக்கவில்லை. 1990இன் பின் மடுத் திருப்பதியின் வளவு பல்லாயிரவர் தங்கிய அகதி நிலையமாயிற்று. 1999 நவம்பர் 20ஆம் நாள் அவ்வாலயத்தின் மீது எறிகணைகள் வீழ்ந்தபோது தஞ்சமடைந்திருந்தோரில் நாற்பது பேரளவில் மாண்டனர். செபிக்கச் சென்ற இடமே கொலைக்களமான பின் செபத்தின் பொருள் யாது என்ற வினாவை அந்நாள் எழுப்பியது. 2008 ஏப்ரல் தொடக்கத்திற் போர் மடுவை நெருங்கியபோது, குருமார் மாதாவின் சுரூபத்தை எடுத்துக்கொண்டு இலுப்பைக்கடவைக்கு வடக்கேயுள்ள தேவன்பிட்டி ஆலயத்துக்குச் சென்றனர். 1670இல் மாந்தையிலிருந்து காட்டுக்குச் சென்ற சுரூபம், 338 ஆண்டுகளின் பின் காட்டிலிருந்து அதே கடற்கரைப் பிரதேசத்துக்குத் திரும்பியது. அவ்வாண்டு யூலையில் இலுப்பைக்கடவை இராணுவத்தின் வசமாயிற்று. அதன்முன் ஊர் வெறுமையாகிவிட்டது. மக்கள் கிழக்கு நோக்கி நகர்ந்துகொண்டிருந்தனர். அந்நகர்வு 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. சுரூபம் 2008ஆம் ஆண்டிலேயே மடுவுக்குத் திரும்பியது. மக்கள் செட்டிக்குளத்து முகாம்களைக் கடந்தே ஊர் திரும்பினர், திரும்பியவர்கள் மட்டும்.

மரியாளின் ஏழு வியாகுலங்களில் இரண்டாவது எகிப்துக்கு ஓடியது. குழந்தையின் உயிரைக் காக்க இரவோடிரவாகப் புறப்பட்ட ஒரு குடும்பத்தின் கதை அது. அச்சத்துக்குத் தொல்காப்பியர் கூறிய நிலைக்களன்களுள் ஆள்வோரால் வரும் அச்சம் அதற்குரியது. தம்முன்னே ஓர் அகதிப் பெண்ணின் சுரூபம் அகதியாகச் செல்வதைக் கண்ட மக்களுக்கு அவ்வியாகுலம் விளக்கவுரை வேண்டாத ஒன்றாயிற்று. இங்கே மரபு தன் கடமையைச் செம்மையாகச் செய்தது. இது உங்களுக்கு முன்பே ஒருத்திக்கு நேர்ந்தது என்ற ஒரு செய்தியை அது கொடுத்தது. ஆறுதல் என்பதன் குறைந்தபட்ச வடிவம் அதுவே. 2015 சனவரி 14ஆம் நாள், யோசப் வாஸ் அடிகளைக் காலிமுகத் திடலிற் புனிதராக அறிவித்த அன்றே திருத்தந்தை பிரான்சிஸ் மடுவுக்கு வந்தபோது, போரில் உறவுகளை இழந்த பல இனத்தவரும் அங்கே கூடியிருந்தமை அந்தச் செய்தியின் பரப்பைக் காட்டிற்று.

ஆயினும் மூன்றாவது வியாகுலத்தில் மரபு தடுக்கி நிற்கிறது. பன்னிரண்டு வயது மகனைப் பாஸ்காத் திருவிழாக் கூட்டத்தில் தவறவிட்டு, மூன்று நாள் தேடிய தாயின் துயர் அது. ஏழனுள் நான்காவதிலிருந்து ஏழாவது வரை யாவும் சிலுவையைச் சூழ்ந்தவை. அவற்றுக்கே பிரசங்கமும் பசாமும் புலம்பலும் விரிந்து கிடக்கின்றன. மூன்றாவதற்கு ஓரிரு வரிகள். அதுவும் மகன் கிடைத்துவிட்டான் என்ற மகிழ்ச்சியோடு செபமாலையில் ஒரு தேவரகசியமாக மாறிவிடுகிறது. சிலுவையைச் சூழ்ந்த வியாகுலங்களுக்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. உடல் இருக்க வேண்டும். இறக்கப்பட்ட உடலைத் தாய் மடியில் ஏந்துகிறாள். அதைக் கழுவுகிறார்கள், துணியிற் சுற்றுகிறார்கள், கல்லறையில் வைக்கிறார்கள். மைக்கேலாஞ்சலோவின் சிற்பம் முதல் ஊர்ச் சிற்றாலயத்துச் சுரூபம்வரை கிறிஸ்தவக் கலை தாயின் துயருக்குத் தந்த அமைதி முழுவதும் மடியில் கிடக்கும் அவ்வுடலிலிருந்தே பிறக்கிறது. மடி வெறுமையாயிருப்பவளுக்கு அச்சுரூபம் என்ன சொல்லும்?

இது கற்பனை வினாவன்று. 2011 சனவரியில் மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை, கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் 1,46,679 பேருக்கு என்ன நேர்ந்தது என்று வினவினார். 2008 ஒக்டோபர் தொடக்கத்தில் வன்னியில் இருந்தோரென அரச அலுவலகங்கள் பதிந்த 4,29,059 பேரிலிருந்து, பின்னர் அரச கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோரென அறிவிக்கப்பட்ட 2,82,380 பேரைக் கழித்துப் பெற்ற எண் அது. இலக்கிய மாணவன் அவ்விண்ணப்பத்தையும் இம்மரபினுள் வைத்துப் படிக்கலாம். உவமையில்லை, விளியில்லை, கண்ணீர்ச் சொல் ஒன்றுமில்லை. ஒரு கழித்தற் கணக்கு மட்டும். ஆனால் ஒப்பாரியின் அமைப்பாகிய விடையற்ற வினா அதில் அப்படியே இருக்கிறது. ஒரு வேறுபாடு உண்டு. ஒப்பாரி இறந்தவனைக் கேட்கிறது. ஆயர் ஆள்வோரைக் கேட்டார். மார்பில் அறைந்துகொண்டிருந்த கை முதன்முறையாகப் பிலாத்துவை நோக்கி நீண்டது.

2018இல் மன்னார் நகரிற் சதொசக் கட்டடத்துக்கென நிலம் அகழ்ந்தபோது மனித எலும்புகள் வெளிப்பட்டன. மாதக்கணக்கில் நடந்த அகழ்வில் முந்நூறுக்கும் மேற்பட்ட எலும்புக்கூடுகள் எடுக்கப்பட்டன. காணாமலாக்கப்பட்டோரின் தாய்மார் காத்திருந்தனர். 2019 மார்ச்சில் அமெரிக்க ஆய்வுகூடமொன்றின் அறிக்கை வந்தது: சோதித்த மாதிரிகள் பதினைந்தாம் நூற்றாண்டுக்கும் பதினேழாம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டவை. அது சங்கிலியின் காலத்தையும் போர்த்துக்கேயர் காலத்தையும் உள்ளடக்கும் எல்லை. அம்முடிவு ஐயுறப்படவும் செய்தது. தாய்மாரைப் பொறுத்தவரை மகன் மீண்டும் ஒருமுறை கிடைக்காமற் போனான். 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் கந்தசுவாமி கோயில் முன்றலில் உறவுகள் தொடங்கிய தொடர் போராட்டத்திற் கத்தோலிக்கரும் சைவரும் படங்களை ஏந்தி ஒன்றாகவே அமர்ந்தனர். ஏந்திய படமே மடியில் உடல் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தது.

இவ்வனுபவத்தின் முன் அண்மைக்கால மெல்லிசைப் பக்திப் பாடல்கள் பெரிதும் ஏமாற்றம் தருவன. அவை இரண்டாவது அடியிலேயே ஆறுதலை அறிவித்து, பல்லவி திரும்பும்போது கண்ணீரைத் துடைத்துவிடுகின்றன. அழுவதற்கு நேரம் கொடாத ஆறுதல், அழுபவளை அவமதிப்பது. பழைய வியாகுலப் பிரசங்கத்துக்கு வேறு குறைகள் எத்தனை இருப்பினும் இக்குறை இல்லை. அது கேட்போனைக் கல்லறைவரை நடத்திச் சென்று அங்கே விட்டு நின்றது. உயிர்ப்பின் செய்தி அதற்குரிய நாளிலேயே வரட்டும் என்ற பொறுமை அதற்கு இருந்தது. திருப்பாடல்களைத் தொகுத்தவர்களுக்கும் அப்பொறுமை இருந்தது. இன்றைய விவிலிய எண்முறையில் 88ஆவது திருப்பாடல் இருளிலேயே தொடங்கி, நன்றியுரை எதுவும் இன்றி இருளிலேயே முடிகிறது. அதனை நீக்கிவிடவோ இறுதியில் ஓர் ஆறுதல் அடி சேர்க்கவோ எவரும் துணியவில்லை. நூற்றைம்பது பாடல்களின் நடுவே அது அப்படியே இருக்கிறது.

மாதோட்டக் கரையின் புலம்பல் மரபு இனி வளருமாயின், அதன் வளர்ச்சி மூன்றாவது வியாகுலத்திலேயே நிகழ வேண்டும். அதற்கான இடத்தை லூக்காவின் நற்செய்தியே விட்டு வைத்திருக்கிறது. உறவினரிடையே தேடியது, ஒருநாட் பயணத்தைத் திரும்ப நடந்தது, நகரெங்கும் விசாரித்தது ஆகிய அந்த மூன்று நாட்களை நற்செய்தியாளர் ஒரே மூச்சில் கடந்து செல்கிறார். முகாம் வாசலிலிருந்து முகாம் வாசலுக்கு, ஆணைக்குழுவிலிருந்து ஆணைக்குழுவுக்கு நடந்த தாய்மாருக்கு அம்மூன்று நாட்களில் என்ன நடந்திருக்கும் என்பது தெரியும். இலுப்பைக்கடவைப் பகுதியின் பசாம் பாடகர்களோ புலவர்களோ அந்நாட்களை அவர்கள் வாய்மொழியாற் பாடுவார்களாயின், அது வியாகுலப் பிரசங்கத்துக்கு எழுதப்படாத ஓர் அதிகாரமாக அமையும். அதன் முடிவு எவ்வாறு அமையும் என்பது எளிதிற் சொல்லத்தக்கதன்று. மகனைக் கண்டபின் தாய் அவனிடம் ஏன் இவ்வாறு செய்தாய் என்று கேட்டாள் என்றும், அவன் சொன்ன மறுமொழி பெற்றோருக்கு விளங்கவில்லை என்றும் லூக்கா எழுதுகிறார். விளங்காத அம்மறுமொழியோடுதான் அவள் நாசரேத்துக்குத் திரும்பி நடந்தாள்.